தீபாவளி ராத்திரியில் காணாமல் போன ஏழு பேர்

கேள்வி: சின்ன வயதில் சித்திரை மாதம் களத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது அப்பத்தா சப்தரிஷி மண்டலத்தைக் காட்டுவார். போன தீபாவளி ராத்திரி அதை என் மகளுக்குக் காட்ட மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன், வடக்கே ஒன்றையும் காணோம். துருவ நட்சத்திரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், மறையவே மறையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். அப்பத்தா காட்டியது வேறு ஏதாவதா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: அப்பத்தா காட்டியது அதேதான். நீங்கள் படித்ததும் பொய்யில்லை, ஆனால் அது லண்டன்காரர்களுக்கு எழுதியது.

துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் 51 டிகிரி, நம் மதுரைப் பக்கம் வெறும் 10. கையை நீட்டி, மூடிய முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் அவ்வளவுதான் உயரம். சப்தரிஷிகளோ துருவத்திலிருந்து 28 முதல் 40 டிகிரி வரை தள்ளி இருப்பவர்கள். முளையைத் தரையிலிருந்து 10 டிகிரியில் அடித்துவிட்டு மாட்டை 28 டிகிரி கயிற்றில் கட்டினால், சுற்றி வரும்போது கீழ்ப்பக்கம் தரைக்குள்தானே போகும்! நமக்கு அவர்கள் உதித்து மறைகிறவர்கள்.

எப்போது பார்ப்பது? நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னாலேயே வந்துவிடும், மாதத்துக்கு 2 மணி நேரம். ஏழு பேரும் சேர்ந்தால் காம்பும் கிண்ணமுமாக ஒரு அகப்பை மாதிரி இருப்பார்கள். பிப்ரவரி கடைசியில் ராத்திரி 9 மணிக்கு வடகிழக்கில் அந்த அகப்பை காம்பு கீழே, கிண்ணம் மேலே என்று செங்குத்தாக ஏறும். மே முதல் வாரம் அதே நேரத்துக்கு வடக்கே உச்சியில், கஞ்சியைக் கொட்டினதுபோல் கவிழ்ந்து கிடக்கும். அப்பத்தா காட்டியது இதைத்தான். ஆகஸ்டில் கிண்ணம் முதலில் வடமேற்கில் இறங்கும், செப்டம்பர் பாதிக்குள் அந்த நேரத்துக்கு முழுசாகப் போய்விடும்.

தீபாவளிக்கு நீங்கள் தேடிய நேரம்தான் தப்பு. அன்று விடிகாலை 4 மணிக்கு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருக்கும்போது வடகிழக்கைப் பார்த்திருந்தால் கிண்ணம் மட்டும் எட்டிப் பார்த்திருக்கும். காம்பு முழுக்க மேலே வர 5 மணி ஆகும், ஆனால் அதற்குள் வெடிப்புகை வந்துவிடும், அது வேறு விஷயம். மார்கழியில் 5 மணிக்குக் கோலம் போட வாசலுக்கு வருகிறவர்களுக்கு இது மே மாதத்துக் காட்சியேதான், வடக்கே உச்சியில். மகளை அப்போது எழுப்புங்கள்.

நகர்வது தெரியவேண்டுமென்றால் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கிண்ணத்து ஓரம் ஒரு தென்னை ஓலை நுனியைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஏறக்குறைய ஒரு முஷ்டி அகலம் தள்ளிப் போயிருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் ராத்திரியில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள், பௌர்ணமி வெளிச்சத்தில் காம்பும் கிண்ணமும் சேரும் இடத்து மங்கலான நட்சத்திரமான அத்ரியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேள்வி: கல்யாணத்தில் அருந்ததி பார் என்று மண்டபத்துக் கூரையைக் காட்டினார்கள். நிஜமாகவே தெரியுமா?
- புது மாப்பிள்ளை, திருமங்கலம்

பதில்: பகல் முகூர்த்தத்தில் தெரிய வாய்ப்பில்லை. மே மாத ராத்திரியில் வீட்டம்மாவோடு மாடிக்குப் போங்கள். காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், அவரை ஒட்டினாற்போல் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அதுதான் அருந்ததி. சங்கப் பாடல்களில் வடமீன். கண்ணாடி போடுகிறவர் என்றால் மறக்காமல் போட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் தோப்பிலிருந்து துருவ நட்சத்திரமே தெரியவில்லை, ஏன்?
- அழகர்கோவில் அடிவாரத்து விவசாயி

பதில்: ஐயா, உங்களுக்கு வடக்கே மலை நிற்கிறது! 10 டிகிரி உயரத்தில் இருப்பது அதற்குப் பின்னால் போய்விடும். கொஞ்சம் தெற்கே தள்ளி, வடக்கே மறைப்பில்லாத வயல்வெளிக்கு வந்து, கிண்ணத்தின் வெளி ஓரத்து இரண்டு நட்சத்திரங்களைச் சேர்த்து ஒரு கோடு போட்டு, அந்த இடைவெளியைப்போல் ஐந்து மடங்கு கீழே இறங்கிப் பாருங்கள். பெரிதாக மின்னும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சப்தரிஷிகளில் ஒருவர் அளவுதான் இருக்கும்.