பட்டறைப் பக்கம்: ஊஞ்சல் சங்கிலியை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: ஐயா, என் மாமனார் வீட்டுக்குப் பின்னால் பேரப்பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டங்குல பைப்பில் சட்டத்தை அவரே வெல்டிங் செய்து நிறுத்திவிட்டார். சங்கிலியையும் 6 மிமீ கம்பியை வளைத்துத் தன் கையாலேயே செய்வேன் என்கிறார். ஒவ்வொரு கண்ணியின் (சங்கிலி வளையத்தின்) வாயையும் நன்றாக நெருக்கிவிட்டால் போதும், வெல்டிங் தேவையில்லையாம். நம்பிப் பிள்ளைகளை உட்கார வைக்கலாமா?
– வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: அம்மா, பேரப்பிள்ளைக்குத் தன் கையால் செய்து கொடுக்கவேண்டும் என்ற ஆசையைத் தடுக்காதீர்கள். ஆனால் வெல்டிங் இல்லாத கண்ணியில் பிள்ளை உட்காரக் கூடாது. இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூடிய கண்ணியில் இரண்டு பக்கக் கம்பியும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். வெட்டுவாய் ஒட்டாமல் இருந்தால் ஒரு பக்கம் மட்டுமே இழுக்கும், வளைவும் விரியப் பார்க்கும். உள் அகலம் 8 மிமீ உள்ள 6 மிமீ சாதாரண இரும்புக் கண்ணிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 70 கிலோவிலேயே வாய் விரியத் தொடங்கும். அதே தடிப்பில் வெல்டிங் செய்த கிரேட் 30 என்ற சாதாரணத் தரச் சங்கிலி அறுவதற்கு 1.7 டன் வேண்டும். அதிலும் நாலில் ஒரு பங்கைத்தான், அதாவது 430 கிலோவைத்தான், வேலைச்சுமையாக வைப்பார்கள்.

பிள்ளை 30 கிலோதானே என்று மாமனார் கேட்பார். சும்மா உட்கார்ந்திருந்தால் 30தான். நேராகத் தொங்கும் நிலையிலிருந்து 60 பாகைக்கு ஏறி ஆடினால் கீழே வரும் நொடியில் சங்கிலியில் விழும் இழுப்பு 60 கிலோ. சங்கிலி கிடையாக வரும்வரை ஆடினால் 90. தைப்பூசத்துக்கு உறவெல்லாம் வந்து இறங்கும்போது சித்தப்பாவும் ஏறி உட்காருவார். 90 கிலோ ஆள் அப்படி ஆடினால் 270. சுமை இரண்டு சங்கிலிக்கும் சமமாகப் பிரியும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் ஒரு பக்கம் சாய்ந்து முறுக்கித்தான் ஆடுவார்கள். ஒவ்வொரு சங்கிலியும் முழுச்சுமையையும் தனியாகத் தாங்கவேண்டும்.

இனி செய்முறை. 8 மிமீ தடிப்பு, 18 மிமீ அகலம் உள்ள இரும்புப் பட்டையின் ஓரங்களை உருட்டி, அதை வைஸில் கடித்துப் பிடித்து, கம்பியை நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு நீளவாட்டில் ஒரு பக்கமாக வெட்டினால் கண்ணிகள் உதிரும். வெட்டு நேர்ப்பக்கத்தின் நடுவில் விழவேண்டும். வளைவில் பக்கத்துக் கண்ணி உரசிக்கொண்டே இருக்கும், அங்கே வெல்டிங் வரக்கூடாது. கோத்தபின் வாயை இரு பக்கமும் ‘வி’ வடிவில் சீவி, 2.6 மிமீ 6013 வெல்டிங் குச்சியால் அடிவரை உருக்கி ஒட்டுங்கள். மேலே பூசினாற்போல் இருந்தால் அது ஒட்டே இல்லை. கட்டடத்தில் மிஞ்சிய முறுக்குக் கம்பியைத் தொடவே வேண்டாம். அதன் வரிகளும் சேர்மானமும் இந்த வேலைக்கு ஆகாது.

இந்த 8 மிமீ அளவை நான் சும்மா சொல்லவில்லை. கண்ணியின் உள் இடைவெளி அகலவாட்டில் 8.6 மிமீயைத் தாண்டக்கூடாது என்கிறது ஐரோப்பாவின் விளையாட்டுக் கருவித் தரம் ஈஎன் 1176. பிள்ளையின் விரல் நுழைந்து மாட்டக்கூடாது என்பதற்காகத்தான். பெரிய கண்ணி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிறுவிரலுக்கு அது பொறி.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு மீட்டர் சங்கிலி ஒன்றுக்கு 111 கண்ணி, இரண்டுக்கும் 222. கண்ணிக்கு 64 மிமீ கம்பி வைத்தால் ஏறக்குறைய 14 மீட்டர். ஆறு மீட்டர் கம்பி மூன்று வாங்கினால் போதும், செலவு பெரிதில்லை. ஆனால் 222 இடத்தில் வெல்டிங். அதில் ஒன்று பொய்யானால் மற்ற 221 இருந்தும் பயனில்லை. சட்டத்தின் வெல்டிங்கில் சிறு குறை இருந்தால் பக்கத்துக் கால் தாங்கிக்கொள்ளும். சங்கிலியில் தாங்கிக்கொள்ள இன்னொரு ஆள் கிடையாது.

ஆகவே மாமனாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: செய்யுங்கள், ஆனால் சோதித்த பிறகே பிள்ளை ஏறும். சங்கிலி ஒவ்வொன்றையும் தனியாகத் தொங்கவிட்டு, பலகையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறு ஏற்றுங்கள். பலகை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம், பக்கத்தில் யாரும் நிற்கவும் வேண்டாம். ஏற்றுமுன் நீளத்தை அளந்து வையுங்கள். ஓர் இரவு தொங்கவிட்டு, இறக்கியபின் மறுபடி அளங்கள். நீண்டிருந்தால் முழுச் சங்கிலியும் குப்பைக்கு. இவ்வளவுக்கும் அவருக்குப் பொறுமை இல்லையென்றால், முத்திரையுள்ள தயார் சங்கிலியைக் கடையில் வாங்கிவிட்டு, உட்காரும் பலகையை அவர் இழைத்துக் கொடுக்கட்டும். அதுவும் தாத்தா செய்த ஊஞ்சல்தான்.

கேள்வி: கடலோர வீடு. ஊஞ்சல் சங்கிலி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. எவர்சில்வர் போடலாமா?
– வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: போடலாம், 316 என்று கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றை, வழக்கமான எவர்சில்வர் ரகமான 304ஐ விட நன்றாகத் தாங்கும். எதைப் போட்டாலும் கண்ணிகள் உரசும் உள்வளைவை மாதம் ஒருமுறை பாருங்கள், மேலே கொக்கியில் தொங்கும் முதல் கண்ணியை முக்கியமாக. பாரம் தூக்கும் சங்கிலியில் தடிப்பு பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே கழித்துவிடுவோம். 6 மிமீ கண்ணி 5.4 ஆகிவிட்டால் மாற்றுங்கள். ‘எஸ்’ கொக்கியின் வாயும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. சட்டைக் கயிறு அதில்தான் மாட்டும்.

கேள்வி: வெள்ளைப் பூச்சுள்ள சங்கிலியை வெல்டிங் செய்த அன்று மாலை குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: உண்டு. அந்தப் பூச்சு துத்தநாகம். அது 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கமும் காய்ச்சலும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இனிமேல் ஒட்டும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரால் முழுதாக எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில், உலோகப் புகையை வடிகட்டும் முகமூடி போட்டுச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடியுங்கள். விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.