கை மரத்துப்போகிறதா? எந்த விரல் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டரில் டைப்பிங் வேலை. சில மாதங்களாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. நடுராத்திரியில் எழுந்து கையை உதறினால்தான் சரியாகிறது. நரம்பு வீக்கம் என்கிறார்கள். வலி மாத்திரை, பகலில் எலாஸ்டிக் பட்டை, எதிலும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எந்த விரல்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருந்தால் பெரும்பாலும் கார்பல் டனல்தான், அதாவது மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கும் கோளாறு. ராத்திரியில் எழுப்புவது, உதறினால் விடுவது எல்லாம் அதற்கே பொருந்துகின்றன. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் நரம்பு அழுந்துவது அநேகமாக முழங்கையில், அதற்கு மணிக்கட்டில் பட்டை போட்டுப் பயனில்லை.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான தசைநாருக்கும் நடுவே குறுகலான ஒரு வழி இருக்கிறது, விரல்களை மடக்கும் 9 நாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. நாண்களின் உறை தடித்தால் இடம் போதாமல் நரம்பு நசுங்கும். நசுக்கம்தான் மூலம் என்பதால் வலி மாத்திரை பெரிதாக உதவுவதில்லை. இறுக்கமான எலாஸ்டிக் பட்டை இன்னும் அழுத்தத்தான் செய்யும், கழற்றிவிடுங்கள்.

தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அதனால் மணிக்கட்டை நேராக வைக்கும் கெட்டியான ஸ்பிளின்ட்டை இரவில் போடுங்கள், குறைந்தது 6 வாரம். நாலு நாளில் சலித்துப்போய்க் கழற்றிவிடுபவர்கள்தான் அதிகம். பகலில் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள், மேல்நோக்கி வளைத்தபடி டைப் செய்யாதீர்கள்.

சரி, டைப்பிங்தான் காரணமா? என்னைக் கேட்டால் அதன்மேல் மட்டும் பழி போட மாட்டேன். அழுத்திப் பிடித்துச் செய்யும் வேலைகளும் அதிரும் கருவிகளும் இதைவிட மோசம். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் இவற்றாலும் வரும், அதனால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஸ்பிளின்ட்டுக்கு அடங்கவில்லை என்றால் நரம்பில் சைகை சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை, ஸ்டீராய்டு ஊசி, அப்புறம் அந்தத் தசைநாரை வெட்டி இடம் கொடுக்கும் சிறிய அறுவை சிகிச்சை. ஆனால் பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ, பொருள்கள் கைநழுவினாலோ, கட்டைவிரல் அடிச்சதை வற்றினாலோ 6 வாரம் காத்திருக்காதீர்கள், வற்றிய சதை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.