பஞ்சாயத்துக் கணக்கில் பணம் இருந்தும் தெருவை ஏன் சீர்செய்வதில்லை?

அந்தப் பணத்தில் பெரும்பகுதி நிபந்தனை நிதி, அதாவது இன்ன வேலைக்கு மட்டும் என்று சொல்லித் தருவது. மத்திய அரசின் வரிப்பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவில் 15-வது குழு, 2021-26க்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60% குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான். கல்விக்கடனை எடுத்து வீட்டுக்கூரை மாற்ற முடியாதில்லையா, அதேதான். கட்டுப்படுத்தாமல் விட்டால் கண்ணுக்குத் தெரியும் வேலைக்கே பணம் போய்விடும், குடிநீரும் துப்புரவும் பின்தங்கிவிடும் என்பதுதான் காரணம், அது நியாயமும்கூட. ஆனால் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் அடிக்கிறது, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சரிவுகளில் வடிகால் இல்லாத இடத்தில் தண்ணீர் சாலை மேலேயே ஓடி, ஓரத்துத் தாரை அரித்து ஜல்லியைக் கிளப்பிவிடும், அங்கே பராமரிப்பைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம், நிதிக்குழுப் பணத்தைச் சாலைக்குத் தொடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அந்த 2021-26 மானியத்தில் மீதி 40%-ஐ உள்ளூர்த் தேவைக்கு, தெருச் சாலைக்கும் சேர்த்து, செலவிடலாம் என்பதே விதி, சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுக்குத்தான் கூடாது.