கீழே தெரிந்த சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சில ஆண்டுகளாக ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டாட்டப் போட்டிகளில் ஆடி வருகிறேன். அண்மையில் ஒரு போட்டியின் முக்கியமான சுற்றில், என் எதிராளி தன்னுடைய சீட்டு ஒன்று தானாகத் தர வேண்டிய பலனை மறந்துவிட்டார். நான் கவனித்தும் சொல்லவில்லை, வென்றேன். அவர் கைகுலுக்காமலே எழுந்து போனார். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. இத்தனைக்கும் அதே சுற்றில் அவர் தன் சீட்டுக்கட்டைக் கலைக்கும்போது அடிச்சீட்டின் முகம் எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. நடுவரை அழைத்து அவரைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. அப்படியொரு சீட்டு அவரிடம் இருப்பது தெரிந்ததால் சற்று நிதானமாக ஆடினேன், அவ்வளவே. சீட்டாட்டமே பாதி அதிர்ஷ்டம் என்னும்போது இவையெல்லாம் எவ்வளவு பொருட்படுத்தத் தக்கவை? எதிராளி மறந்ததை நினைவூட்டுவது நல்ல ஆட்டக்காரரின் கடமையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடமை இல்லை. அந்த ஆட்டத்தின் போட்டி விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. எதிராளியின் சீட்டு தர வேண்டிய பலனை அவருக்கு நினைவூட்ட நீங்கள் கட்டுப்பட்டவர் அல்லர், விரும்பினால் நினைவூட்டலாம். உங்கள் சீட்டு உங்களுக்கே தீங்கு செய்யும் நேரத்தில் அதை மறந்ததுபோல நடித்தால்தான் அது ஏமாற்று. உயிர்ப்புள்ளிக் கணக்கு தவறாக இருப்பதைக் கண்டும் ஆதாயத்துக்காக வாயை மூடிக்கொள்வதும் அப்படித்தான். மேசைமேல் இருவர் கண்ணெதிரேயும் கிடந்த சீட்டை அவர் மறந்தார், நீங்கள் மறக்கவில்லை. அவர் கைகுலுக்காததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோற்றவருக்கு அவ்வளவு கோபத்துக்குக்கூடவா அனுமதி இல்லை?

அதிர்ஷ்டத்தைப் பற்றிய வரியை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். நால்வர் இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடும் பிரிட்ஜின் போட்டி வடிவமான டூப்ளிகேட் பிரிட்ஜில் ஒரு மேசையில் பிரிக்கப்பட்ட அதே 52 சீட்டுகள் அதே நான்கு கைகளாக மற்ற மேசைகளுக்கும் போகின்றன. ஒரே கையை யார் எப்படி ஆடினார்கள் என்பதை வைத்தே புள்ளி தருகிறார்கள். அதிர்ஷ்டத்தை அவ்வளவு தூரம் வடிகட்டிய அந்த ஆட்டத்தில்தான் சீட்டாட்ட உலகின் மிகப் பெரிய மோசடி வழக்குகள் நடந்திருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘இத்தனைக்கும்’ என்று தொடங்கும் இடம். குற்றமே இல்லாத ஒன்றுக்காக அத்தனை நாள் மனம் வருந்தியவர், உண்மையான குற்றத்தைத் தன் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். கலைக்கப்படும் கட்டில் ஒரு சீட்டின் முகமாவது ஆட்டக்காரர் கண்ணில் படும் வாய்ப்பு இருந்தால், அந்தக் கட்டு கலைக்கப்பட்டதாகவே கருதப்படாது, மீண்டும் கலைக்க வேண்டும் என்பது நீங்கள் ஆடும் ஆட்டத்தின் விதி. ‘சீட்டு தெரிகிறது, இன்னொரு முறை கலையுங்கள்’ என்று சொல்ல மூன்று நொடி ஆகியிருக்கும். நீங்கள் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல் அந்த அறிவைப் பயன்படுத்தவும் செய்தீர்கள். ‘நிதானமாக ஆடினேன்’ என்பது நல்ல பெயர்தான். அந்த நிதானம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதே கேள்வி.

சதுரங்கத்தில் காய்கள் எல்லாம் இருவர் முன்னும் திறந்து கிடக்கின்றன. சீட்டாட்டத்தில் மறைத்து வைத்திருப்பதே ஆட்டம். அதனால் இங்கே நேர்மை என்பது பெரும்பாலும் யாருக்கு எதை அறிய உரிமை இருக்கிறது என்ற கேள்விதான், அந்த எல்லையை ஒவ்வோர் ஆட்டமும் ஒவ்வோர் இடத்தில் போடுகிறது. போக்கரில் முகத்தை வைத்து எதிராளியை ஏமாற்றுவது கலை. பிரிட்ஜிலும் ஏமாற்றலாம், ஆனால் எத்தனை சுற்று வெல்வோம் என்று முதலில் சொல்லும் ஏலத்தின் வழியாகவும் இறக்கும் சீட்டின் வழியாகவும் மட்டும். ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு எதை இறக்குவது என்று யோசிப்பதுபோல எதிராளி முன் பாவனை செய்தால் அது விதிமீறல். கூட்டாளியின் தயக்கம், குரல், அவசரம் ஆகியவற்றிலிருந்து ஏதேனும் தெரியவந்தால் அது உரிமையில்லாத தகவல். ஏற்கத்தக்க வழிகள் இரண்டு இருந்து, அவற்றுள் ஒன்றை அந்தத் தகவல் சுட்டிக்காட்டுமானால், அந்த வழியை நீங்கள் எடுக்கக் கூடாது. யோசிப்பது குற்றமில்லை என்பதைக் கவனியுங்கள். யோசித்தவர் தாராளமாக யோசிக்கலாம்; சுமை முழுவதும் அதைப் பார்த்துவிட்ட கூட்டாளியின் மேல் விழுகிறது.

இந்த விதியை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு பிரிட்ஜ் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர், என்னைவிட மிக மூத்தவர், பொறுமை குறைந்தவர், ஒரு போட்டியில் எனக்குக் கூட்டாளியாக ஆடினார். என் வலப்பக்கத்து எதிராளி மூன்று இஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்கினார். என் கை நன்றாகவே இருந்தது, ஆனால் சொல்வதற்குத் தோதான ஏலம் அமையவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு பாஸ் வைத்தேன், அதாவது ஏலம் சொல்லாமல் விட்டேன். இடப்பக்கத்தவரும் பாஸ். பெரியவர் நொடிகூடத் தாமதிக்காமல் பாஸ் வைத்தார். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவர் கையில் ஆறு ஹார்ட்டின் சீட்டுகள் இருந்தன. மற்ற மேசைகளில் எங்கள் திசையில் ஆடியவர்களில் பலர் நான்கு ஹார்ட்டின் என்று ஏலம் சொல்லி வென்றிருந்தார்கள். எனக்குக் கடுங்கோபம். வெளியே வந்து கேட்டபோது, “நீ சட்டென்று பாஸ் வைத்திருந்தால் நான்கு ஹார்ட்டின் சொல்லியிருப்பேன். அவ்வளவு நேரம் யோசித்தாயே, பிறகு எப்படிச் சொல்வது?” என்று என்னையே திட்டினார். எதிராளிகள் என் தயக்கத்தைக் கவனிக்கவே இல்லை, அவரவர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவரை யாரும் அழைத்திருக்கப் போவதில்லை. அவர் ஏலம் சொல்லி வென்றிருந்தால் அதில் பிழை இருந்ததாக இவ்வுலகில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த கைக்கு உட்காரும்போது, வேகமாக ஏலம் சொல்லப் பழகு என்று இன்னொரு முறையும் திட்டினார்.

பிரிட்ஜ் உலகம் இதற்குத் தடுப்புக் கட்டிப் பார்த்தது. குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுக்கிறது என்று, வாயால் சொல்லாமல் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைக்கும் ஏலமுறை வந்தது. 1965இல் புவெனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில் பிரிட்டிஷ் இணை ஒன்று சீட்டுப் பிடிக்கும் விரல்களால் தகவல் சொன்னதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. உலக பிரிட்ஜ் அமைப்பு குற்றம் என்றது, மறு ஆண்டு பிரிட்டனில் முடிந்த விசாரணை இல்லை என்றது. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் கூட்டாளிகளுக்கு நடுவே திரை வைத்தார்கள். அதே போட்டியில் இத்தாலிய இணை ஒன்றின் கால் அசைவுகள் கண்டனத்துக்கு உள்ளாக, மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது. 2015இல் சென்னையில் நடந்த உலக அணிப் போட்டிக்குச் சற்று முன்பு, நார்வே ஆட்டக்காரர் போயே புரோகலண்ட் சில இணைகள் ஏமாற்றுவதாகப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டி, ஆட்டக் காணொளிகளைப் பலர் உட்கார்ந்து ஆராய்ந்தபோது, இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் போட்டியிலிருந்து விலகின. ஜெர்மானிய இணை தானாகவே தவறை ஒப்புக்கொண்டிருந்தது. புரோகலண்ட் குற்றம் சாட்டிய இணைகளுள் ஒன்று முன்பு அவருடைய சொந்த அணியில் ஆடியது. அவர்களோடு சேர்ந்து வென்ற பட்டங்களைத் துறக்கவும் அவர் முன்வந்தார்.

அவர்கள் திட்டமிட்டுச் செய்தவர்கள். உங்கள் கண்ணில் பட்டது தற்செயல். உங்களை அவர்களோடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் பார்த்ததுதான் தற்செயல், பயன்படுத்தியது தற்செயல் இல்லை. பார்த்ததை மறந்துவிட்டு ஆடுவேன் என்று யாராலும் முடியாது. பெரியவரால்கூட என் யோசனையை மறக்க முடியவில்லை, அதனால்தான் பாஸ் வைத்தார். உங்களுக்கோ அவ்வளவு கஷ்டம்கூட இல்லை. கட்டை மறுபடி கலைத்திருந்தால் உங்கள் பாரம் பெரும்பாலும் இறங்கியிருக்கும். அப்படியொரு சீட்டு கட்டில் இருக்கிறது என்ற அறிவு மட்டும் மிஞ்சியிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அது உங்களுக்குத் தெரியும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

நடுவரை அழைத்தால் எதிராளிக்குச் சங்கடம் என்கிறீர்கள். இந்த எண்ணம் எங்கிருந்துதான் வருகிறதோ! எதிராளி கலைத்துத் தரும் கட்டை நீங்களும் ஒருமுறை கலைத்துத்தான் திருப்பித் தருகிறீர்கள். அதை அவர் தன்மேல் உள்ள சந்தேகம் என்று எண்ணுவதில்லையே. நடுவர் இருப்பதும் அதைப் போன்ற வழக்கமான ஏற்பாடுதான். அடுத்த போட்டியில் முதல் சுற்றிலேயே, மிகச் சிறிய ஐயத்துக்காகவேனும், கையை உயர்த்தி ஒருமுறை அவரை அழைத்துப் பாருங்கள். கூச்சம் போய்விடும்.