காரின் எடையால் டைல்ஸ் உடைவதில்லை

கேள்வி: கோவில்பட்டியில் சொந்த வீடு. வீட்டின் முன்புறம் 20 அடிக்கு 12 அடி அளவில் கார் நிறுத்தும் போர்டிகோ இருக்கிறது. மேலே கான்கிரீட் கூரை உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் பார்க்கிங் டைல்ஸ் பதித்தோம். இப்போது வீட்டுச் சுவரை ஒட்டிய ஒரு வரிசை முழுவதும் விரிசல் விட்டு, சக்கரம் ஏறும்போது ‘கடக்’ என்று ஆடுகிறது. கேட் அருகே நான்கைந்து டைல்ஸின் ஓரங்கள் சிதறிவிட்டன. ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம். கொத்தனார் கிரானைட் போடச் சொல்கிறார். டைல்ஸ் கடைக்காரர் இதைவிடக் கனமான டைல்ஸ் இருக்கிறது என்கிறார். மைத்துனர் எபாக்சி பூசிவிடலாம் என்கிறார். 76 வயதான அம்மா காலையும் மாலையும் இந்தத் தரையில்தான் நடக்கிறார். எது நீடித்து உழைக்கும்?

பதில்: உங்களுக்கு யோசனை சொன்ன மூவருமே மேலே எதைப் போடலாம் என்றுதான் பேசுகிறார்கள். கோளாறு கீழே இருக்கிறது. கீழே இருப்பதைச் சரிசெய்யாமல் கிரானைட் போட்டால், அடுத்த நான்கு ஆண்டுகளில் உடைந்த கிரானைட்டைப் பற்றி எனக்கு எழுதுவீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து உங்கள் கார் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 375 கிலோ. ஆனால் தரை உணர்வது அந்த எடையை அல்ல, அழுத்தத்தை. டயரில் நீங்கள் அடிக்கும் காற்று 33 பி.எஸ்.ஐ. என்றால், டயர் தரையை அழுத்துவதும் ஏறத்தாழ அதே அளவில்தான். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. சாதாரண எம்-20 தரக் கான்கிரீட் அதே பரப்பில் தாங்குவது 200 கிலோ. ஆகவே அடியில் முழுதும் அணைந்து படிந்திருக்கும் டைல்ஸை உங்கள் கார் நசுக்கவே முடியாது. அடியில் வெற்றிடம் இருந்தால் கதை வேறு. அப்போது அது தரையல்ல, இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் தொங்கும் மெல்லிய பலகை. பலகை வளையும், டைல்ஸுக்கு வளையத் தெரியாது.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை வந்தால் நல்லது. பானையைத் தட்டியது போல் வந்தால் அங்கே வெற்றிடம். பெரும்பாலும் நடுவில் கெட்டியாகவும் மூலைகளில் பொக்கென்றும் கேட்கும். நடுவில் ஒரு கை கலவையை வைத்து, டைல்ஸைப் போட்டு, ரப்பர் சுத்தியால் மட்டம் பார்த்து அடிக்கும் பழக்கத்தின் விளைவு அது. உங்கள் கேட் அருகே ஓரங்கள் சிதறியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். சாய்தளத்தில் ஏறி வரும் சக்கரம் முதலில் மோதுவது அந்த விளிம்பில்தான்.

சுவரை ஒட்டிய வரிசைக்குக் காரணம் வேறு. அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது சுவரின் அகலத்தைவிட அதிகமாகத்தான் பள்ளம் எடுப்பார்கள். கட்டி முடித்தபின் மிச்சப் பள்ளத்தில் தோண்டிய மண், உடைந்த செங்கல், சிமெண்ட் மூட்டைச் சாக்கு எல்லாவற்றையும் தள்ளி மூடிவிட்டு, ‘தண்ணீர் கட்டிவைத்தால் தானே இறுகிவிடும்’ என்பார்கள். மணல் அப்படி இறுகும். உங்கள் ஊர்க் கரிசல் மண் இறுகாது, குடித்த தண்ணீருக்கு ஏற்ப உப்பும், காய்ந்தபின் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஊதி நிற்கும் கரிசல் காடு சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதை நீங்கள் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். வீடு ஆழமான அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்கிறது. போர்டிகோ தரை மேல்மண்ணில் படகு மாதிரி மிதக்கிறது. இரண்டையும் சிமெண்ட் வைத்துச் சேர்த்துப் பூசினால் சேர்ந்த இடத்தில்தான் கிழியும்.

எனவே வேலை இப்படித் தொடங்க வேண்டும். டைல்ஸையும் அடியிலுள்ள கான்கிரீட்டையும் முழுவதுமாகப் பெயர்த்து, கரிசலை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி வெளியேற்றுங்கள். சுவரோரப் பள்ளத்தில் மட்டும் கெட்டி மண் தட்டுப்படும்வரை இன்னும் ஆழமாகப் போங்கள். சாக்கும் செங்கலும் கண்டிப்பாக வரும். பிறகு சரளை மண்ணை அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, லேசாக நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் வாடகை அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். இயந்திரம் போகாத மூலைக்குத் திமிசுக்கட்டை. மேல் அடுக்கில் கடப்பாரையைச் செங்குத்தாகக் கையிலிருந்து நழுவவிட்டுப் பாருங்கள். சிரமமில்லாமல் உள்ளே இறங்கினால் அந்த இடத்தை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டுத் தாளில் இந்த வேலை ஒரு வரியாகக்கூட இருக்காது. நீங்கள்தான் கேட்டு எழுத வைக்க வேண்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: போர்டிகோவுக்கு அடியில் சம்ப் அல்லது செப்டிக் டேங்க் இருக்கிறதா? நம் ஊரில் பாதி வீடுகளில் இருக்கும். இருந்தால் அதன் மேல்மூடித் தளம் கார் ஏறுவதைக் கணக்கில் கொண்டு கம்பி கட்டியதா என்று கட்டியவரிடம் கேளுங்கள். ‘தாங்கும் சார்’ என்பது பதில் அல்ல. தளத்தின் கனமும் கம்பியின் அளவும்தான் பதில். தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு பொறியாளர் வந்து பார்க்கும்வரை அதன்மேல் சக்கரம் ஏற வேண்டாம். இயந்திரத்தையும் அங்கே ஓட்டவிடாதீர்கள்.

இனி மேல்தளம். உங்கள் மண்ணுக்கும் கூரையுள்ள போர்டிகோவுக்கும் என் தேர்வு பேவர் பிளாக், அதாவது ஒன்றையொன்று ஒட்டி அடுக்கும் கான்கிரீட் கற்கள். அழகில் முதலிடம் அதற்கு இல்லைதான். ஆனால் மண் அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும், உடையாது. நாளைக்கு ஒரு மூலை அமுங்கினால் அந்த இருபது கற்களைக் கழற்றி, அடியில் நிரப்பி, அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். தண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டி வந்தாலும் இடிக்கும் வேலை கிடையாது.

கல் 60 மி.மீ. கனம், ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரப்படி எம்-35க்குக் குறையாத வலிமை என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் அச்சில் ஊற்றி எடுத்த பளபளப்பான கல் கண்ணுக்கு அழகு, காருக்கு ஆகாது. ஈரமானால் வழுக்கவும் செய்யும். இயந்திரத்தில் அதிர்த்து அழுத்திய சொரசொரப்பான கல்தான் வேண்டும். ஒன்றோடொன்று தட்டினால் ‘கிண்’ என்று ஒலிக்க வேண்டும். நேர்ச்சதுரத்தைவிட, பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் வளைவு வடிவம் ஸ்டீயரிங் திருப்பும்போது நகராமல் நிற்கும். அம்மா நடப்பதால் ஓரச்சரிவு மிகக் குறைவான கல்லாகப் பாருங்கள். ஆழமான இடுக்கில் கைத்தடி சிக்கும்.

இங்கேதான் கொத்தனாரோடு உங்களுக்கு வாக்குவாதம் வரப்போகிறது. இறுக்கிய சரளைமேல் ஜல்லியும் குவாரித் துகளும் கலந்து நான்கு அங்குலம், அதையும் இறுக்கி, அதன்மேல் 30 மி.மீ. அளவுக்கு மணல் மட்டும் பரப்பி, கல்லை அடுக்கி, இடுக்குகளில் நைஸ் மணலைக் கூட்டித் தள்ளி, இயந்திரம் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். ‘மணலில் வைத்தால் நிற்குமா, சிமெண்ட் கலவையில் பதிக்கிறேன்’ என்பார். அனுமதிக்காதீர்கள். கலவையில் பதித்த பேவர் பிளாக், டைல்ஸின் எல்லாக் குறைகளோடும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல் நகராமல் காப்பது நான்கு பக்கமும் வார்க்கும் கான்கிரீட் விளிம்பு. அது இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் வரிசைகள் விரிந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் சொட்டினால் கல் குடித்துவிடும். உடனே தவிடோ மரத்தூளோ போட்டு மூடி, மறுநாள் சலவைத்தூள் போட்டுத் தேய்த்தால் பெருமளவு போகும். எறும்பு இடுக்கு மணலை வெளியே கொண்டுவந்து கொட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மணல் தள்ள வேண்டியிருக்கும். முக்கியமாக, கரிசல் மண்ணுள்ள வீட்டில் போர்டிகோவுக்குள் காரைக் கழுவாதீர்கள். இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர்தான் கரிசலை எழுப்பும்.

கழுவியே தீருவேன் என்றால் இரண்டாவது தேர்வு, வெறும் கான்கிரீட் தரை. மேலே டைல்ஸ் எதுவும் இல்லாமல், தானே தரையாக நிற்கும் கான்கிரீட். அதற்கு நம் ஊரில் மரியாதை இல்லை. ஏதோ பாதி வேலையில் விட்டதுபோல் நினைக்கிறார்கள். ஒழுங்காகப் போட்டால் இருபது ஆண்டுகளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான்கு அங்குலக் கனம், அடியில் பாலிதீன் விரிப்பு, நடுக்கனத்துக்குச் சற்று மேலே கம்பி வலை. எம்-20 கலவை என்றால் உங்கள் 240 சதுர அடிக்கு ஏறத்தாழ 18 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். பத்து மூட்டையில் முடிக்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். ஒரே பாளமாக விடாமல் 10 அடிக்கு 6 அடியாக நான்கு கட்டங்கள் வருமாறு, போட்ட மறுநாளுக்குள் ஒரு அங்குல ஆழத்துக்கு இயந்திரத்தால் கோடு வெட்டுங்கள். கான்கிரீட் எப்படியும் சுருங்கி விரிசல் விடும். எங்கே விரிசல் விட வேண்டும் என்று நாம் சொல்லிவைப்பதுதான் அந்தக் கோடு. வீட்டுச் சுவருக்கும் தூண்களுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மோகோல் வைத்து, பின்னால் மேல்பகுதியைச் சீலண்ட்டால் அடையுங்கள். மணியாசுக் கட்டையால் மட்டம் பார்த்தபின், ஈரம் வற்றும் தறுவாயில் தென்னந்துடைப்பத்தை ஒரே திசையில் இழுத்தால் வழுக்காத கோடுகள் விழும். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்பதால் நீராற்றுவதை, அதாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பதை, ஏழு நாளில் நிறுத்தாமல் பதினான்கு நாள் செய்யுங்கள். கார் ஏற 28 நாள்.

கிரானைட்டை நான் வெறுப்பவன் அல்ல. என் சொந்த வீட்டுப் போர்டிகோவிலேயே பளபளப்பான கிரானைட் போட்டேன். முதல் மழையில் ஸ்கூட்டரோடு நானே விழுந்தேன். பிறகு ஆள் வைத்துக் கொத்திச் சொரசொரப்பாக்கினேன். கல்லுக்குக் கொடுத்த பணத்தில் பாதி பளபளப்புக்குக் கொடுத்ததுதானே என்று வீட்டில் இன்றும் கேட்கிறார்கள். போடுவதானால் தீயில் வாட்டிய சொரசொரப்பு முகம், 20 மி.மீ.க்குக் குறையாத கனம், கான்கிரீட் தளத்தின்மேல் முழுப்பரப்பும் கலவை படிய. கடப்பா கல் மலிவு. ஆனால் அது சுண்ணாம்புக்கல், பாத்ரூம் ஆசிட் பட்டால் அரிக்கும். ஸ்கூட்டர் மட்டும் நிற்கும் வீட்டுக்குப் போதும்.

டைல்ஸ்தான் வேண்டும் என்று வீட்டில் ஒருமனதாக முடிவானால், கனத்தைவிட உடம்பைப் பாருங்கள். உடைந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஓரத்தைப் பாருங்கள்: மேலே தெரியும் நிறமே உள்வரை இருந்தால் தேய்ந்தாலும் தெரியாது, மேலே படம், உள்ளே வெள்ளை என்றால் சக்கரத்தடம் மூன்றாம் ஆண்டில் தெரியத் தொடங்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அரை சதவீதம்கூடக் குடிக்காது. அதனாலேயே வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. மூட்டையில் வரும் ஒட்டுப்பசையைப் பல்லுள்ள கரணையால் தரை முழுக்க இழுத்து, டைல்ஸின் முதுகிலும் தடவிப் பதிக்க வேண்டும். பதித்த முதல் டைல்ஸைப் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை இருந்தால் மேற்கொண்டு போடலாம்.

மைத்துனர் சொன்ன எபாக்சி உங்களுக்கு வேண்டாம். அது கெட்டியான, உலர்ந்த கான்கிரீட்டின்மேல் பூசும் மேற்பூச்சு. ஆடும் டைல்ஸை அது பிடித்து நிறுத்தாது. தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறினால் கொப்புளம் கிளம்பும், வெயில் படும் பகுதி மஞ்சளாகும், நெடுஞ்சாலையில் ஓடிச் சூடாக வந்து நிற்கும் டயர் அதை உரித்துக்கொண்டு போவதும் உண்டு.

எதைப் போட்டாலும் வாட்டம் முக்கியம். 20 அடி நீளத்துக்கு வீட்டிலிருந்து கேட்டை நோக்கி இரண்டரை முதல் மூன்று அங்குலம் இறங்கட்டும். கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு வடிகால், அதன்மேல் இரும்புக் கிராதி. இந்தத் தண்ணீரை மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியில் விடாதீர்கள்; எண்ணெய் கலந்தது. சக்கரம் மோதும் கேட் விளிம்பில் ஒரு அடி அகலத்துக்குக் கான்கிரீட் பட்டை வார்த்து, முனையில் இரும்பு ஆங்கிள் பதித்துவிட்டால் ஓரம் சிதறுவது நிற்கும். தரையைக் கடுமையாகச் சோதிப்பது காரைவிட மோட்டார் சைக்கிளின் பக்க ஸ்டாண்டுதான். 30 கிலோவுக்குமேல் எடையை விரல் அகல இரும்பில் குத்தி நிற்கிறது. அது நிற்கும் இடத்தில் ஒரு துண்டுக் கிரானைட் கிடக்கட்டும்.

வேலையைத் தை கடைசியிலோ மாசியிலோ வைத்துக்கொள்ளுங்கள். மழை ஈரம் வடிந்திருக்கும், கரிசல் இன்னும் வெடிக்கத் தொடங்கியிருக்காது. சித்திரையில் சுருங்கிக் கிடக்கும் மண்மேல் தரை போட்டால் ஐப்பசியில் அது தரையைத் தூக்கும். அதுவரைக்கும் ஆடுகிற டைல்ஸை எல்லாம் இன்றே எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் ஜல்லித்துகள் நிரப்பி மட்டமாக அடித்துவையுங்கள். அம்மா நடக்கும் தடத்தில் ஓரம் தூக்கிய டைல்ஸ் ஒன்றுகூட இருக்க வேண்டாம்.