ஆமணக்குப் புண்ணாக்கை வேகவைத்து மாட்டுக்குப் போடலாமா?

கேட்டவர் சொல்வது இதுதான்: கடலைப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை, பக்கத்துச் செக்கில் விளக்கெண்ணெய் ஆட்டிய புண்ணாக்கு மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைக்கிறது, கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்கிறார்கள், மாட்டுக்குப் போடலாமா? போடாதீர்கள். அந்த விஷத்தை முறிக்க வழி இருக்கிறது, முறிந்ததா என்று வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் வழியில்லை.

நான் வேலை பார்ப்பது தீவனப் பரிசோதனைக் கூடத்தில். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு புரதச் சான்றும் கொண்டு வருவார்கள், "புரதம் இவ்வளவு இருக்குதே சார், அப்புறம் என்ன" என்று. அந்தப் பரிசோதனை தழைச்சத்தை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்கிறது. ஆமணக்கில் உள்ள ரைசின் என்கிற விஷமே ஒரு புரதம்தான். அதையும் சேர்த்துத்தான் அந்தச் சான்றில் எண் வரும். வேகவைப்பதற்கு முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய அதே எண்தான். அதனால் அந்தக் காகிதத்தைப் பார்த்து மாட்டுக்குப் போடலாமா என்று முடிவு செய்யவே கூடாது.

ரைசின் எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால்தான் விளக்கெண்ணெயைக் குழந்தைக்கே கொடுக்கிறோம், விஷம் மொத்தமும் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. ரைசினுக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று உள்ளே போய்ப் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை ஒவ்வொன்றாகக் கெடுக்கும், ஒரு மூலக்கூறே நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை. மாற்று மருந்து கிடையாது. குதிரைக்கு ரொம்பச் சீக்கிரம் ஏறும், கோழி ஓரளவு தாங்கும், மாடு ஆடு இடையில்.

புரதம் என்பதால் சூட்டில் உருக்குலைந்துவிடும், வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாத மாதிரி. ஆனால் ஈரத்தோடு சேர்ந்த சூடாக இருக்க வேண்டும், வெறும் வறுவல் அவ்வளவு வேலை செய்யாது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஊறவைத்தல், கொதிக்க வைத்தல், ஆவி, சுண்ணாம்பு, உப்பு என்று பலதையும் ஒப்பிட்டு 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரைசினை முழுசாக அழித்தவை என்று அதில் வந்தவை இரண்டு: 15 பிஎஸ்ஐ அழுத்த ஆவியில் 60 நிமிடம், அல்லது கிலோவுக்கு 40 கிராம் சுண்ணாம்பு. இதைப் படித்துவிட்டுத்தான் பலரும் "சுண்ணாம்புதானே, நாமே கலக்கலாம்" என்று கிளம்புகிறார்கள். ஆய்வகத்தில் அவர்கள் கலந்தது சின்ன அளவு, நன்றாக அரைத்தது, ஒவ்வொரு துணுக்கிலும் சுண்ணாம்பு பட்டது. அண்டாவில் ஐம்பது கிலோ புண்ணாக்கைக் கொட்டினால் வெளியே குழம்பாகும், கட்டியின் நடுவில் உலர்ந்தே கிடக்கும், அந்த நடுக்கட்டியை எந்த மாடு தின்னும் என்று யாருக்குத் தெரியும்? ஊறவைத்த தண்ணீரும் விஷம்தான், அதை முற்றத்தில் கொட்டினால் கோழி குடிக்கும். நனைந்ததை ஒழுங்காகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை விஷம் வேறு சேரும்.

தூசியையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆமணக்கில் ஒவ்வாமை உண்டாக்கும் வேறொரு புரதம் இருக்கிறது, அது சூட்டுக்கு எளிதில் அசையாது. அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆமணக்கு எண்ணெய் ஆலைக்கு அருகே குடியிருந்தவர்களுக்கு ஆலைத் தூசியால் ஆஸ்துமா வந்ததை 1928-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது முகத்தைக் கட்டிக்கொள்ளுங்கள்.

"வேகவைத்தால் சரியாகிவிடும்" என்பதை எல்லாப் புண்ணாக்குக்கும் பொதுவாகப் பேசுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. காட்டாமணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பயோடீசலுக்காக ஊரெல்லாம் நடச் சொன்ன காலத்தில் அதன் புண்ணாக்கும் தீவனமாகும் என்று பேசினார்கள். அதில் உள்ள முக்கிய விஷம் ஃபோர்பால் எஸ்டர், அது புரதமே கிடையாது, எவ்வளவு வேகவைத்தாலும் அப்படியே நிற்கும். எத்தனால், மெத்தனால் மாதிரி கரைப்பானால் கழுவித்தான் எடுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மக்கர், பெக்கர் குழுவினர் இப்படி விஷம் நீக்கிய காட்டாமணக்குப் பருப்பு மாவைக் கெண்டை மீனுக்கும் இறாலுக்கும் கொடுத்து வளர்த்துக் காட்டினார்கள். மெக்சிகோவின் பாபன்ட்லா பக்கம் ஃபோர்பால் எஸ்டர் இல்லாத காட்டாமணக்கே இருக்கிறது, அங்கே வறுத்துத் தின்கிறார்கள். நம் வேலியில் நிற்பது அந்த ரகம் இல்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் உள்ள காசிபால் என்கிற விஷம் இன்னொரு கதை, சூட்டில் அது புரதத்தில் உள்ள லைசின் என்கிற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், விஷம் குறையும்போதே நல்ல சத்தும் போய்விடும்.

ஆமணக்கு உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு, அதிலும் பெரும்பங்கு குஜராத்தில். இவ்வளவு புரதம் எருவாகவே போவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் இதைச் செய்ய வேண்டியவை பெரிய ஆலைகள். ஆவிக் கொதிகலனும் கலவை இயந்திரமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன, ஒவ்வொரு லாட்டுக்கும் ரைசின் சோதனை செய்து சான்றோடு விற்க முடியும். அப்படிச் சான்றோடு வந்தால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்று நானே சொல்வேன். கோழிக்கென்றால் லைசின் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இப்போதைக்கு அந்த மலிவு மூட்டையை வாங்கித் தென்னைக்குப் போடுங்கள், மண்ணில் நன்றாகப் புதைத்து மூடுங்கள், மேலாகத் தூவினால் நாய் தோண்டித் தின்னும். மாடு ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தால் உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத்தான் தீனி எடுக்காமல் நிற்கும், இரத்தம் கலந்து கழியும். அதுவரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், தின்றது எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள், மிச்சப் புண்ணாக்கில் ஒரு பிடியை எடுத்து வைத்து அவரிடம் காட்டுங்கள்.