கையில் வழிவது வேறு, முகத்தில் வழிவது வேறு

கேள்வி: எனக்கு வயது 20. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போதிருந்தே என் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும். பரீட்சைத் தாள் நனைந்து கிழியும். இப்போது நான் கையால் தொட்ட ஜாப்பில் (வேலை செய்யும் இரும்புத் துண்டில்) மறுநாளே என் விரல் பட்ட இடம் துருப்பிடித்துவிடுகிறது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். அட்டெண்டன்ஸ் மெஷினில் கைரேகையும் சரியாகப் பதிவதில்லை. முகத்தில் எண்ணெய் வழிகிறது, நெற்றியிலும் கன்னத்திலும் பரு. ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்பு போட்டுக் கழுவுகிறேன். மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டதும் முதலில் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் முகம் சிவந்து முன்பைவிட அதிகமாக வருகிறது. ‘சூட்டு உடம்பு, உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது’ என்கிறார் அம்மா. ஆபரேஷன் செய்து வியர்வையை நிரந்தரமாக நிறுத்த முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வியாதியாக எழுதியிருப்பது உண்மையில் இரண்டு. கையில் வழிவது ஒரு சுரப்பியின் வேலை, முகத்தில் வழிவது இன்னொரு சுரப்பியின் வேலை. ஒன்றை நரம்பு நடத்துகிறது, மற்றொன்றை ஹார்மோன் நடத்துகிறது. ஒன்றுக்குப் போடும் மருந்து மற்றதற்குப் பயன்படாது. இரண்டில் எதுவும் அழுக்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தனை நாளாக உங்களை அதிகம் வருத்தியது அந்தச் சொல்தான் என்று எனக்குப் படுகிறது.

கையிலிருந்து தொடங்குவோம். ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தால், நல்ல வெளிச்சத்தில் உங்கள் ஆள்காட்டி விரல் நுனியைப் பாருங்கள். ரேகைகள் வரப்பு வரப்பாக ஓடும். அந்த வரப்புகளின் மேட்டில், பள்ளத்தில் அல்ல, வரிசையாக ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். விரலைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மின்னும் துளி முளைக்கும். அதுதான் வியர்வைச் சுரப்பியின் வாய். தோலுக்குக் கீழே அது நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே ஏறி வந்து திறக்கிறது.

நான் படித்த காலத்தில் எங்கள் தோல் நோய்ப் பிரிவில் இதைப் பார்க்க ஒரு சோதனை செய்வார்கள். உள்ளங்கையில் அயோடின் தடவிக் காயவைத்து, அதன்மேல் மாவுச்சத்துப் பொடியை மெல்லிசாகத் தூவுவார்கள். வெள்ளைப் பொடியில் கருநீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூக்கும், பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து கை முழுக்கக் கறுத்துவிடும். முதன்முறை பார்த்தபோது ‘அவ்வளவு ஓட்டை இருக்கிறதா நம் கையில்!’ என்று வியந்து நின்றேன். உடம்பு முழுவதும் இத்தகைய சுரப்பிகள் 20 முதல் 40 லட்சம் இருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்கால், நெற்றி ஆகிய இடங்களில்தான் நெருக்கம் அதிகம். உள்ளங்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சில நூறு இருக்கும்.

இவற்றின் முக்கிய வேலை உடம்பைக் குளிர்விப்பது. வியர்வை வழிந்து சொட்டுவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்புச் சூட்டைப் பத்து டிகிரிக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய வெப்பம் அது. சென்னையில் மே மாதம் இவ்வளவு புழுங்குவது எதனால் என்றால், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக முடியாமல் சும்மா வழிந்து போகிறது. அந்த நாட்களில் குழந்தைகளுக்கு வரும் வியர்க்குருவும் இதே குழாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருவதுதான்.

ஆனால் நீங்கள் இருப்பது ஓசூர். அங்கே மார்கழிக் குளிரிலும் உங்கள் கை நனைந்திருக்குமே? அப்படியென்றால் இது சூடு சம்பந்தப்பட்டதில்லை. முதுகிலும் மார்பிலும் உள்ள சுரப்பிகள் பெரும்பாலும் உடம்புச் சூட்டுக்குக் கட்டுப்பட்டவை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ளவை பெரும்பாலும் மனநிலைக்குக் கட்டுப்பட்டவை. பயம், பதற்றம், கவனம் கூடினாலே நரம்பு வழியாக ஆணை போய்விடும். ஒருவர் நம்மையே பார்த்துக்கொண்டு நின்றால் போதும். இயற்கை இதை வீணுக்கு வைக்கவில்லை. நோட்டு எண்ணும்போது விரலைக் கொஞ்சம் நனைத்துக்கொள்கிறோம் இல்லையா? அதுபோல லேசான ஈரம் இருந்தால்தான் கைப்பிடி வழுக்காது. உங்களுக்கு அந்த நரம்பு தேவைக்குமேல் ஆணை கொடுக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் சிறு வயதிலோ விடலைப் பருவத்திலோ தொடங்கும், பல குடும்பங்களில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருக்கும். தூங்கும்போது நின்றுவிடும். உங்களுக்கு அப்படித்தானா என்று வீட்டில் யாரையாவது, நீங்கள் அயர்ந்து தூங்கும்போது கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அழுக்கு என்ற பேச்சுக்கு வருகிறேன். வியர்வையில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர். மீதியில் முக்கியமானது உப்பு. கழிவை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, வியர்வைக்கு அந்த வேலை இல்லை. சொல்லப்போனால் சுரப்பி உப்பை வெளியே விடாமல் காப்பாற்றத்தான் பார்க்கிறது. சுருளிலிருந்து புறப்படும்போது வியர்வை ஏறக்குறைய ரத்தத்தின் நீர் அளவுக்கு உப்பாக இருக்கும். குழாயில் மேலே ஏறும் வழியில் உப்பின் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்படும். மெதுவாகச் சுரந்தால் உறிஞ்ச நேரம் கிடைக்கும். வேகமாகச் சுரந்தால் கிடைக்காது, உப்பு கூடுதலாக வெளியே வந்துவிடும். உங்கள் ஜாப் துருப்பிடிப்பதற்குக் காரணம் இந்த உப்பும் ஈரமும்தான். எந்திரத் தொழிலில் இப்படிக் ‘துருக் கைக்காரர்கள்’ உலகமெங்கும் இருக்கிறார்கள். இது உங்கள் அக்கறையின்மை இல்லை என்பதை உங்கள் சூப்பர்வைசரிடம் தயங்காமல் சொல்லலாம்.

சரி, முகத்துக்கு வருவோம். உங்கள் உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. உள்ளங்காலிலும் இல்லை. மற்ற எல்லா இடத்திலும் உண்டு, முகத்திலும் தலையிலும் மேல் முதுகிலும் மிக நெருக்கம். இது தனியாக வெளியே திறப்பதில்லை. மயிர்க்காலின் பக்கவாட்டில் திராட்சைக் கொத்து போல ஒட்டிக்கொண்டு, முடி வெளியே வரும் அதே துளைக்குள் திறக்கிறது. வியர்வைச் சுரப்பி நீரைக் கசிய விடும். எண்ணெய்ச் சுரப்பியில் நடப்பது வேறு. அங்கே செல்கள் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து உப்பி, கடைசியில் தாங்களே உடைந்து கரைந்து எண்ணெயாகிவிடுகின்றன. முகத்தில் நீங்கள் துடைத்தெடுக்கும் எண்ணெய் என்பது அந்தச் செல்களேதான். தோலும் முடியும் வறண்டு வெடிக்காமல் காக்க அது உதவுகிறது.

இதற்கு ஆணை தருபவை, ஆண் ஹார்மோன்கள் என்று சொல்லப்படும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பெண்களின் உடம்பிலும் இவை உண்டு. பிறந்த குழந்தையின் உடம்பில் வெள்ளையாக, வெண்ணெய் பூசியது போல ஒரு படலம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பங்கு இந்தச் சுரப்பிகள் தந்தது. தாயின் வயிற்றில் கிடைத்த ஹார்மோன் குறைந்ததும் அவை அடங்கி, எட்டு, பத்து வயதுவரை தூங்கும். வயதுக்கு வரும்போது மறுபடி விழித்துக்கொள்ளும். இருபது வயதில் முகம் எண்ணெய் வழிவது உடம்பு அதன் கணக்குப்படி நடப்பதன் அடையாளம். (அக்குளில் உள்ள மூன்றாம் வகைச் சுரப்பியும் அந்த வயதில்தான் விழிக்கும். அதன் நீருக்கும் வாடை கிடையாது, தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது.)

பரு எப்படி வருகிறது? எண்ணெய் கூடும்போதே துளையின் வாயில் உதிரவேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. பின்னால் எண்ணெய் தேங்குகிறது. எல்லார் தோலிலும் சாதாரணமாக வாழும் ஒரு பாக்டீரியா அதில் பெருகுகிறது, உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து வீங்குகிறது. கரும்புள்ளியின் கறுப்பு தூசி அல்ல, தோலின் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும்தான். ஆகவே தேய்த்தால் போகாது. ஆறு முறை சோப்பு போட்டாலும் மேலே உள்ள எண்ணெய்தான் போகும், உள்ளே சுரப்பது ஹார்மோன் சொல்வதைத்தான் கேட்கும், உங்கள் சோப்பை அல்ல. சில மணி நேரத்தில் மறுபடி எண்ணெய் வந்துவிடும். நடுவில் நஷ்டப்படுவது தோலின் மேற்காப்பு. எரிச்சல், வறட்சி, அதோடு பரு. காலையும் மாலையும் மிதமான ஃபேஸ்வாஷ், நடுவில் வெறும் தண்ணீர் போதும்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது அந்த க்ரீம்தான். போட்டதும் பளிச், நிறுத்தினால் சிவந்து முன்பைவிட மோசம் என்று நீங்கள் எழுதியிருப்பது, ஸ்டீராய்டு கலந்த க்ரீமுக்கே உரிய நடத்தை. டியூபில் சிறிய எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா பாருங்கள். கரப்பான் போன்றவற்றுக்கு மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுக்கும் மருந்துகள் இவை. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிந்து, பரு பெருகி, வெயில் பட்டாலே எரியும் நிலை வந்துவிடும். என்னிடம் இப்படி முகத்தோடு வரும் பிள்ளைகள் வாரம் தவறுவதில்லை. எல்லாரும் நல்ல எண்ணத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியவர்கள்தான். நீங்களே மீண்டும் மீண்டும் போட்டு நிறுத்திப் பார்க்காதீர்கள். தோல் மருத்துவர் ஒருவர் மேற்பார்வையில் அதை நிறுத்துங்கள். சில வாரங்கள் முகம் சிவக்கும், அதைத் தாண்டிவிடலாம். தோல் தேறியபின் பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றை அவர் ஆரம்பிப்பார். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரமே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வேலையை வைத்து இன்னொன்றும் கேட்கவேண்டும். உலோகத்தை வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் தெறிக்கும் இடத்தில் நிற்கிறீர்களா? அந்த எண்ணெய் ஊறிய உடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தால் முன்கையிலும் தொடையிலும் மயிர்க்கால் அடைத்துச் சிறு கட்டிகள் வரும். இதை முகப்பருவோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது, காரணம் வேறு. உடுப்பைத் தினமும் மாற்றுங்கள், எண்ணெய்த் துணியைப் பேண்ட் பாக்கெட்டில் வைக்காதீர்கள். அப்புறம், தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியும் அளவுக்கு வேண்டாம்.

கைக்கு என்ன வழி என்றால், முதல்படி அலுமினியம் குளோரைடு கரைசல். உள்ளங்கைக்கு வழக்கமாக 20 சதவீதம். இரவு படுக்கும்முன் நன்கு உலர்ந்த கையில் தடவி, காலையில் கழுவவேண்டும். சுரப்பி ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் அது குழாயின் வாயில் படிந்து அடைக்க முடியும், பகலில் நனைந்த கையில் தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும். அது போதாவிட்டால், தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மிக மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. வாரத்தில் சில நாள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் அளவில். பலருக்கு நன்றாகக் கேட்கிறது. இதற்கென்றே உள்ள கருவியில், மருத்துவர் சொல்லிக் கொடுத்தபின் செய்வது. வீட்டில் எதையாவது இணைத்து முயற்சி செய்துவிடாதீர்கள். நரம்பின் ஆணையைத் தடுக்கும் மாத்திரைகளும் உண்டு. வாய் வறளும், மலச்சிக்கல் வரும், உடம்பு முழுக்க வியர்வை குறைவதால் சூடான பட்டறையில் நிற்பவருக்கு ஆபத்தும் உண்டு. போடாக்ஸ் ஊசி சில மாதங்கள் வேலை செய்யும், ஆனால் செலவு அதிகம், உள்ளங்கையில் போடும்போது வலியும் அதிகம்.

நீங்கள் கேட்ட ஆபரேஷன் மார்புக்குள் ஓடும் அந்த நரம்பைத் துண்டிப்பது. கை உலர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் பலருக்கு அதன்பின் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் சட்டை பிழியும் அளவுக்கு வியர்க்கத் தொடங்கும். அதைத் திரும்பச் சரிசெய்வது மிகக் கடினம். 20 வயதில், மற்ற எதையும் முயலாமல், இதை நான் சொல்லவே மாட்டேன்.

அதுவரை பட்டறையில், உள்ளே பருத்திக் கையுறை, மேலே நைட்ரைல் கையுறை போடலாம். சுழலும் எந்திரத்தின் அருகில் மட்டும் எந்தக் கையுறையும் கூடாது. ஜாப்பை முடித்ததும் துடைத்து உடனே துருத்தடுப்பு எண்ணெய் பூசி வையுங்கள். அட்டெண்டன்ஸ் மெஷினில் வைக்கும்முன் விரலையும் கண்ணாடியையும் பருத்தித் துணியால் துடையுங்கள்.

எடை குறைவது, நெஞ்சு படபடப்பு, இரவில் பாய் நனைய வியர்ப்பது, மாலையில் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கதை வேறு. தைராய்டு, காசநோய், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். அப்படி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். போகும்போது அந்த க்ரீம் டியூபைத் தூக்கி எறிந்துவிடாமல், காலியாக இருந்தாலும், கையோடு எடுத்துச் செல்லுங்கள்.